வீட்டுப் பிரிண்டரை வைஃபையில் இணைக்கும் முறை

பிரிண்டரை வைஃபையில் இணைப்பது ஒரே வேலைபோலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள். முதலாவது, பிரிண்டர் வீட்டு வைஃபைக்குள் நுழைந்து ரூட்டரிடமிருந்து ஒரு முகவரியைப் பெறுவது. இரண்டாவது, கணினியும் கைபேசியும் அந்த முகவரியைத் தெரிந்துகொண்டு, அச்சிட வேண்டியதை அங்கே அனுப்புவது. பிரிண்டர் வைஃபைக்குள் நுழைந்துவிட்டதா என்பதற்கும் கணினியில் டிரைவர் (பிரிண்டரோடு பேசுவதற்கான மென்பொருள்) இருக்கிறதா என்பதற்கும் தொடர்பே இல்லை. அதேபோல, பிரிண்டர் உள்ளே வந்துவிட்ட பிறகு, கணினியில் ஏற்படும் சிக்கலுக்கு வைஃபை கடவுச்சொல் காரணமாக இருக்க முடியாது. "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்று கணினி சொல்லும்போது கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதும், பிரிண்டரே வைஃபையில் சேராதிருக்கையில் கணினியில் டிரைவரை நீக்கி நீக்கி நிறுவுவதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நேர்பவை. ஆகவே முதல் வேலை முடிந்தது என்று உறுதியான பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். இங்கே சொல்லப்படுபவையும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

தொடங்குமுன் ரூட்டரைப் பாருங்கள்

முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. இன்றைய ரூட்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை வழங்குகின்றன. வீட்டுப் பிரிண்டர்களில் பலவற்றுக்கு, குறிப்பாக விலை குறைந்தவற்றுக்கும் பழையவற்றுக்கும், 2.4 மட்டுமே தெரியும். அச்சிடுவதற்கு அந்த வேகம் தாராளமாகப் போதும். சுவர்களைத் தாண்டிச் செல்வதிலும் 2.4 தான் மேல் என்பதால் இதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை. ரூட்டர் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தால், பிரிண்டருக்குக் கொடுக்க வேண்டியது 2.4-க்கு உரிய பெயர். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், பெரும்பாலும் பிரிண்டர் தனக்குத் தெரிந்ததைத் தானே பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் அடம்பிடித்தால், ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, பிரிண்டர் இணைந்த பிறகு மீண்டும் இயக்கலாம். கைபேசி 5-இலும் பிரிண்டர் 2.4-இலும் இருந்தால் அச்சிட முடியாது என்றொரு நம்பிக்கை உலவுகிறது. அது சரியல்ல. இரண்டும் ஒரே ரூட்டரின் ஒரே வலையமைப்பில் இருக்கும்வரை, எது எந்த அலைவரிசையில் இருக்கிறது என்பது பொருட்டே அல்ல.

அடுத்தது பாதுகாப்பு முறை. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையை இன்று புழக்கத்தில் உள்ள ஏறத்தாழ எல்லா வைஃபை பிரிண்டர்களும் அறியும். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையை எல்லாப் பிரிண்டர்களும் அறியா. ரூட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று அமைத்திருந்தால், கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் சரியாக இருந்தும் பிரிண்டர் "இணைக்க முடியவில்லை" என்றே சொல்லும். காரணத்தையும் பெரும்பாலும் சொல்லாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையை ரூட்டரில் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். இதற்காக டபிள்யூ.இ.பி. போன்ற காலாவதியான முறைக்கு இறங்கிச் செல்ல வேண்டாம்; ஒரு பிரிண்டருக்காக வீட்டின் மொத்த வைஃபையையும் திறந்துவைப்பதற்குச் சமம் அது.

வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டோடு எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம் என்றாலும், பிரிண்டரின் சிறிய திரையில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி 40 எழுத்துகளை உள்ளிடுபவரின் சிரமத்தை நினைத்துப் பார்த்தால், நீளமான கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் கீழே வரும் வேறு வழிகளை நாடுவதே மேல் என்பது விளங்கும்.

விருந்தினருக்கென ரூட்டரில் தனியாக ஒரு வைஃபை இருந்தால், பிரிண்டரை அதில் சேர்க்கக் கூடாது. அந்த வைஃபையில் உள்ள கருவிகள் இணையத்துக்குச் செல்லலாம். ஆனால் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரூட்டர் அவற்றைப் பிரித்துவைக்கும். பிரிண்டர் பிரமாதமாக இணைந்திருப்பதாகக் காட்டும், கணினிக்கு மட்டும் அது கண்ணில் படாது. அதேபோல, விடுதிகளில் உள்ளதைப்போல உலாவியில் ஒரு பக்கம் திறந்து, பெயரும் எண்ணும் கொடுத்த பிறகே இணையம் கிடைக்கும் வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்க இயலாது. அந்தப் பக்கத்தைத் திறப்பதற்கான உலாவி பிரிண்டரில் இல்லை.

முதல் இணைப்பை ரூட்டர் இருக்கும் அறையிலேயே வைத்துச் செய்யுங்கள். பிரிண்டர் ஒருமுறை இணைந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தி வேறு அறைக்கு எடுத்துச் சென்றாலும் பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருந்து தானே இணைந்துகொள்ளும். பிரிண்டரில் ஈதர்நெட் கேபிள் (ரூட்டரோடு கம்பி வழியாக இணைப்பது) செருகும் இடம் இருந்தால், அதில் கேபிள் எதுவும் செருகியிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாதிரிகளில் அந்தக் கேபிள் செருகப்பட்டவுடன் வைஃபை தானாகவே அணைந்துவிடும்.

பிரிண்டரை வைஃபைக்குள் கொண்டுவருதல்

இதற்கு நான்கு வழிகள் உண்டு. பிரிண்டரில் திரை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து எது வசதி என்று முடிவு செய்யலாம்.

திரை உள்ள பிரிண்டரில் அந்தத் திரை வழியாகவே செய்வதுதான் நேரான வழி. 'செட்டிங்ஸ்' அல்லது 'செட்டப்' பகுதிக்குள் சென்று, 'நெட்வொர்க்' அல்லது 'வயர்லெஸ்' என்பதைத் திறந்து, 'வயர்லெஸ் செட்டப் விசார்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் சுற்றிலும் தேடி, தனக்குக் கிடைக்கும் வைஃபைகளின் பெயர்களைப் பட்டியலிடும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை உள்ளிட வேண்டும். தொடுதிரையாக இருந்தால் இது ஒரு நிமிட வேலை. இரண்டு வரித் திரையும் அம்புக்குறிப் பொத்தான்களும் மட்டும் உள்ள பிரிண்டரில் சற்றுப் பொறுமை வேண்டும்: சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றுக்கு இடையே மாறுவதற்குத் தனிப் பொத்தான் இருக்கும், எழுத்தை உறுதிசெய்து அடுத்த இடத்துக்கு நகர்வதற்கு வலது அம்புக்குறியையும், முழுவதையும் முடித்த பிறகே 'ஓகே' பொத்தானையும் அழுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் 'ஓகே' அழுத்தினால், பாதிக் கடவுச்சொல்லோடு பிரிண்டர் இணைய முயன்று தோற்றுப்போகும். பட்டியலில் உங்கள் வைஃபையின் பெயரே வரவில்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குகிறதா, பெயர் மறைக்கப்பட்டிருக்கிறதா, ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் (அலைவரிசைக்குள் உள்ள எண்ணிட்ட பிரிவில்) இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சேனல்களைப் பார்க்கத் தெரியாத பிரிண்டர்கள் உண்டு. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் பெயர் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது வழி, ரூட்டரில் உள்ள டபிள்யூ.பி.எஸ். பொத்தான். கடவுச்சொல்லே தட்டச்சு செய்ய வேண்டாம் என்பது இதன் சிறப்பு. ரூட்டரில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு நிமிடங்களுக்குள் பிரிண்டரில் உள்ள வைஃபை பொத்தானை அதன் விளக்கு மினுக்கத் தொடங்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சில மாதிரிகளில் பிரிண்டரில் முதலில் தொடங்கிவிட்டு ரூட்டருக்குச் செல்லச் சொல்வார்கள். எப்படியானாலும் அந்த இரண்டு நிமிட வரம்பு பொது. விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரிந்தால் பிரிண்டர் இணைந்துவிட்டது என்று பொருள். இந்த வழியில் பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள். 8 இலக்க எண்ணைக் கொடுத்து இணைக்கும் இன்னொரு வகையை ரூட்டரில் அணைத்துவைப்பதே நல்லது. அந்த எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சோதிப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய சாத்தியங்கள் 11,000 ஆகச் சுருங்கிவிடுகின்றன என்பது 2011-இலேயே வெளியான செய்தி. டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் இயங்கும் ரூட்டரில் டபிள்யூ.பி.எஸ். வேலை செய்யாது, சில புதிய ரூட்டர்களில் அந்தப் பொத்தானே இல்லை.

திரையும் இல்லை, டபிள்யூ.பி.எஸ். வசதியும் இல்லை என்றால் மூன்றாவது வழி, உற்பத்தியாளரின் செயலி. எச்.பி., கேனான், எப்சன், பிரதர் ஆகிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இதற்கென்று தனிச் செயலி வைத்துள்ளன. இங்கே உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே தடைபட்டாலும் காரணம் புரிந்துவிடும். பிரிண்டரை முதன்முதலாக இயக்கும்போது, அல்லது அதன் வலையமைப்பு அமைப்புகளை அழித்தபின், அது தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கி ஒலிபரப்பும். செயலி உங்கள் கைபேசியைச் சிறிது நேரம் அந்தத் தற்காலிக வைஃபைக்கு மாற்றி, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பிரிண்டரிடம் ஒப்படைக்கும். உடனே பிரிண்டர் தற்காலிக வைஃபையைக் கைவிட்டு வீட்டு வைஃபைக்குச் செல்லும். கைபேசியும் பழைய இடத்துக்குத் திரும்பும்.

இந்தப் போக்குவரத்தில்தான் தடை ஏற்படும். பிரிண்டரின் தற்காலிக வைஃபையில் இணையம் இல்லை என்பதைக் கண்ட கைபேசி, "இதில் இணையம் இல்லை, விலகட்டுமா?" என்று கேட்கும், அல்லது கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதனால் அமைவு முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்துவைப்பது நல்லது; அந்தக் கேள்வி வந்தால், விலக வேண்டாம் என்று பதில் கொடுக்க வேண்டும். வி.பி.என். (போக்குவரத்தை வேறொரு வலையமைப்பு வழியாகத் திருப்பிவிடும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் அருகிலுள்ள வைஃபைகளைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதியையும், ஐஃபோனில் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியையும் செயலி கேட்கும். அச்சிடும் செயலிக்கு இருப்பிடம் எதற்கு என்று எண்ணி மறுத்துவிட்டால் செயலியால் பிரிண்டரைக் கண்டுபிடிக்க முடியாது. அமைவு முடிந்த பிறகு இருப்பிட அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

தற்காலிக வைஃபை காலவரையின்றி இயங்காது. சில மாதிரிகளில் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். காலையில் பிரிண்டரை இயக்கிவிட்டு மாலையில் செயலியைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காததற்கு இதுவே காரணம். பிரிண்டரின் வைஃபை பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், அல்லது கையேட்டில் சொல்லியபடி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால், அமைவு நிலை மீண்டும் தொடங்கும். எந்தப் பொத்தான், எத்தனை நொடி என்பது மாதிரிக்கு மாதிரி மாறுவதால் இதற்கு மட்டும் கையேட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காவது வழி யு.எஸ்.பி. கேபிள். உற்பத்தியாளரின் மென்பொருளைக் கணினியில் நிறுவி, அது சொல்லும்போது கேபிளைச் செருகினால், கணினி தன்னிடம் உள்ள வைஃபை விவரங்களைக் கேபிள் வழியாகப் பிரிண்டருக்குக் கொடுத்துவிடும். பிறகு கேபிளைக் கழற்றிவிடலாம். பழைய பிரிண்டர்களுக்கு மிகவும் நம்பகமான வழி இதுதான். மென்பொருள் கேட்கும் முன்பே கேபிளைச் செருகிவிடக் கூடாது. செருகினால் கணினி அதைச் சாதாரண யு.எஸ்.பி. பிரிண்டராகவே பதிவு செய்துகொள்ளும்.

இணைந்துவிட்டதா? தாளில் பாருங்கள்

நீல விளக்கு நிலையாக எரிவதை மட்டும் நம்பிவிடாமல், வலையமைப்பு விவரப் பக்கத்தை அச்சிட்டுப் பார்ப்பது முதல் வேலையின் கடைசிப் படி. திரை உள்ளவற்றில் 'நெட்வொர்க் ரிப்போர்ட்' அல்லது 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பேஜ்' என்ற பெயரில் இது இருக்கும். திரை இல்லாதவற்றில் வைஃபை பொத்தானையும் தகவல் பொத்தானையும் சேர்த்து அழுத்துவதுபோல ஏதேனும் ஒரு முறை இருக்கும்.

அச்சாகி வரும் பக்கத்தில் வரிகள் நிறைய இருந்தாலும் கவனிக்க வேண்டியவை நான்குதான். 'ஸ்டேட்டஸ்' என்பதற்கு எதிரே 'கனெக்டட்' என்று இருக்க வேண்டும். எஸ்.எஸ்.ஐ.டி. என்ற வரியில் உங்கள் வைஃபையின் பெயர் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டின் பெயரோ விருந்தினர் வைஃபையின் பெயரோ அல்ல. மேக் முகவரி என்பது, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதிய 12 குறிகள் கொண்ட, அந்தப் பிரிண்டருக்கு மட்டுமே உரிய அடையாளம். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நான்காவது வரியான ஐ.பி. முகவரிதான், அதாவது ரூட்டர் பிரிண்டருக்குக் கொடுத்த எண்தான், எல்லாவற்றிலும் முக்கியமானது. பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் அது 192.168 என்று தொடங்கும். 10 என்று தொடங்குவதும் உண்டு. கணினியின் ஐ.பி. முகவரியும் அதே தொடக்கத்தைக் கொண்டிருக்க வேண்டும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், பிரிண்டருக்கு ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வசதி ரூட்டரில் அணைக்கப்பட்டிருப்பதோ, வைஃபை இணைப்பு பாதியில் நின்றுபோயிருப்பதோ காரணமாக இருக்கலாம். ரூட்டரை அணைத்து இயக்கி, அது முழுவதும் தயாரான பிறகு பிரிண்டரை இயக்குங்கள். 0.0.0.0 என்று இருந்தால் பிரிண்டர் வலையமைப்பில் சேரவே இல்லை; முந்தைய பகுதிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முகவரி சரியாக இருக்கிறதென்றால், கணினியில் ஓர் உலாவியைத் திறந்து, மேலே முகவரி இடும் இடத்தில் அந்த எண்ணை அப்படியே தட்டச்சு செய்து பாருங்கள். பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். மை எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். சில உலாவிகள் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி எச்சரிக்கும். பிரிண்டர் தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொண்டது என்பதால் வரும் எச்சரிக்கை அது. உங்கள் வீட்டுப் பிரிண்டரின் முகவரிதான் என்பது உறுதியானால் மேலே செல்லலாம். இந்தப் பக்கம் திறந்துவிட்டால் பிரிண்டரும் கணினியும் ஒன்றையொன்று பார்க்கின்றன; அதற்கு மேல் வரும் எந்தச் சிக்கலும் கணினியில் உள்ள அமைப்பைப் பற்றியது மட்டுமே. பலரும் தவிர்த்துவிடும் இந்தச் சோதனைதான் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்துவது.

முகவரியை நிலைப்படுத்துங்கள்

இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால் "நேற்றுவரை அச்சடித்தது, இன்று ஆஃப்லைன் என்கிறது" என்ற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன. ரூட்டர் தரும் ஐ.பி. முகவரி நிரந்தரமானதல்ல, குறிப்பிட்ட காலத்துக்கான குத்தகை. பிரிண்டர் சில நாள் அணைந்திருந்தாலோ, ரூட்டர் மின்தடைக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, வேறு முகவரி கிடைக்கக்கூடும். தபால்காரரிடம் சொல்லாமல் வீடு மாறியவருக்கு வரும் கடிதங்களைப்போல, கணினி அனுப்புவதெல்லாம் பழைய முகவரிக்கே சென்றுகொண்டிருக்கும்.

இதைத் தடுக்க ரூட்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் நிர்வாகப் பக்கத்தின் முகவரி இருக்கும், 192.168.0.1, 192.168.1.1 ஆகியவை பரவலாக உள்ளவை. உள்ளே சென்று 'டி.எச்.சி.பி. ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியைத் திறந்து, குறித்துவைத்த மேக் முகவரியையும் அதற்கு எப்போதும் கிடைக்க வேண்டிய ஐ.பி. முகவரியையும் சேர்த்துச் சேமியுங்கள். பிரிண்டரில் ஈதர்நெட்டுக்கும் வைஃபைக்கும் தனித்தனி மேக் முகவரிகள் இருப்பதுண்டு. வைஃபைக்கு உரியதையே கொடுக்க வேண்டும்.

பிரிண்டரின் திரையிலேயே 'மேனுவல் ஐ.பி.' என்று ஒன்றை இட்டு நிலைப்படுத்தும் வழியும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரூட்டர் அதே எண்ணை வேறொரு கைபேசிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். என்றாவது ரூட்டரை மாற்றினால், புதிய ரூட்டரின் எண்வரிசைக்குள் வராத முகவரியோடு பிரிண்டர் தனித்து நிற்கும். ரூட்டரில் ரிசர்வேஷன் வசதியே இல்லாதபோது மட்டும், அது வழங்கும் எண்வரிசைக்கு வெளியே உள்ள, ஆனால் அதே வலையமைப்பைச் சேர்ந்த ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து அப்படிச் செய்யலாம்.

கணினியில் சேர்த்தல்

விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' பகுதியில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' என்பதற்குச் சென்று 'ஆட் டிவைஸ்' பொத்தானை அழுத்தினால், வலையமைப்பில் உள்ள பிரிண்டர்களைக் கணினி தேடும். உங்கள் பிரிண்டர் தெரிந்தால் சேர்த்துவிடலாம். பெரும்பாலோருக்கு இத்துடன் வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால், சிறிது நேரம் கழித்துத் தோன்றும் 'ஆட் மேனுவலி' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐ.பி. முகவரியைக் கொண்டு சேர்க்கும் வழியைத் தெரிவுசெய்து, நிலைப்படுத்திய எண்ணை உள்ளிடுங்கள். முகவரியை நிலைப்படுத்தியவர்கள், பிரிண்டர் பட்டியலில் தெரிந்தாலும்கூட, இந்த இரண்டாவது வழியிலேயே சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து. தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூ.எஸ்.டி. என்ற போர்ட்டை (கணினி பிரிண்டரை அடையும் வழியை) பயன்படுத்துகிறது. அது ஒவ்வொரு முறையும் பிரிண்டரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதால், தேடல் தவறும்போதெல்லாம் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டும். நேரடியாக முகவரியைக் கொடுத்தால் டி.சி.பி./ஐ.பி. போர்ட் அமையும், அதற்குத் தேடல் தேவையில்லை.

டிரைவரைப் பொறுத்தவரை, அச்சிடுவது மட்டுமே தேவை என்றால் விண்டோஸில் உள்ள பொதுவான ஐ.பி.பி. டிரைவரே பல புதிய பிரிண்டர்களுக்குப் போதும். உற்பத்தியாளர்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைத்து, இந்தப் பொது முறைக்கு மாறப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இலேயே அறிவித்தது. ஸ்கேனரின் எல்லா வசதிகளும் மை அளவு எச்சரிக்கைகளும் வேண்டும் என்பவர்கள் உற்பத்தியாளரின் சொந்தத் தளத்திலிருந்து முழு மென்பொருளைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். தேடுபொறியில் வரும் ஏதோவொரு டிரைவர் தளத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது.

ஆப்பிள் மேக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து, 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதியில் பிரிண்டரைச் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். பட்டியலில் தெரிவதைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ்' என்ற இடத்தில் ஏர்பிரிண்ட் (தனி டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஆப்பிளின் முறை) இருப்பதைப் பார்த்துச் சேர்த்தால் போதும். லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சு அமைப்பு இந்த வேலையைக் கவனிக்கிறது. ஏர்பிரிண்ட் தெரிந்த பிரிண்டர்கள் அண்மைக்காலப் பதிப்புகளில் டிரைவர் எதுவும் இல்லாமலே அச்சுச் சாளரத்தில் தோன்றிவிடுகின்றன.

கைபேசியில் இன்னும் எளிது. 2010-இல் ஏர்பிரிண்ட் வந்ததிலிருந்து ஐஃபோனுக்குத் தனிச் செயலி தேவைப்படவில்லை. பகிரும் பொத்தானை அழுத்தி 'பிரிண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே வைஃபையில் உள்ள ஏர்பிரிண்ட் பிரிண்டர் தெரியும். ஆண்ட்ராய்டில் 8-ஆம் பதிப்பு முதல் அச்சிடும் சேவை உள்ளேயே இருக்கிறது. அது அணைந்திருந்தால் அமைப்புகளில் 'பிரிண்டிங்' என்று தேடி இயக்கிக்கொள்ளலாம். கேனான், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் 2013-இல் தொடங்கிய மோப்ரியா கூட்டமைப்பின் செயலியையும் நிறுவிக்கொள்ளலாம். கூகுள் கிளவுட் பிரிண்ட் வழியாக அச்சிடச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் கண்ணில் படுகின்றன. அந்தச் சேவை 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது.

இணைந்தும் அச்சடிக்கவில்லை என்றால்

முதலில் பிரிண்டரின் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் கணினியும் பிரிண்டரும் வெவ்வேறு வைஃபைகளில் இருக்கின்றனவா, கணினியில் அலுவலக வி.பி.என். இயங்குகிறதா, ரூட்டரில் கருவிகளைப் பிரித்துவைக்கும் 'ஏ.பி. ஐசொலேஷன்' இயக்கப்பட்டிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். வி.பி.என். பற்றி ஒரு வார்த்தை: பல அலுவலகங்களின் வி.பி.என். கணினியின் போக்குவரத்து முழுவதையும் அலுவலகத்துக்கே திருப்பிவிடுவதால், மேசைக்கு அருகே உள்ள பிரிண்டர்கூட எட்டாததாகிவிடும். அச்சிடும் நேரத்துக்கு மட்டும் அதைத் துண்டித்துவிட்டுப் பிறகு இணைத்துக்கொள்வதே எளிது.

நிர்வாகப் பக்கம் திறக்கிறது, கணினி மட்டும் ஆஃப்லைன் என்கிறது என்றால் விண்டோஸில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். வைஃபையின் தன்மை 'பப்ளிக்' என்று இருந்தால் வீட்டில் அதை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பப்ளிக் நிலையில் விண்டோஸ் பிற கருவிகளைத் தேடுவதில்லை. அடுத்து, பிரிண்டரின் வரிசைச் சாளரத்தில் 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' என்பதற்கு எதிரே குறியிருந்தால் எடுத்துவிடுங்கள். மூன்றாவது கொஞ்சம் மறைவான இடம்: 'பிரிண்டர் பிராப்பர்டீஸ்' திறந்து 'போர்ட்ஸ்' பகுதியில் 'கான்ஃபிகர் போர்ட்' என்பதை அழுத்தினால், எஸ்.என்.எம்.பி. (பிரிண்டரிடம் அதன் நிலையைக் கேட்கும் முறை) நிலையைச் சோதிப்பதற்கான ஒரு கட்டம் இருக்கும். பிரிண்டர் அந்தக் கேள்விக்குப் பதிலளிக்காவிட்டால், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பிரிண்டரையும் விண்டோஸ் ஆஃப்லைன் என்று முடிவு செய்துவிடும். அந்தக் குறியை நீக்கிச் சேமித்ததும் தேங்கிக்கிடந்த பக்கங்கள் வரிசையாக வெளியே வருவதைப் பலமுறை பார்க்கலாம்.

ரூட்டரிலிருந்து தொலைவில் பிரிண்டரை வைத்திருந்தால், விவரப் பக்கத்தில் சிக்னலின் அளவையும் பாருங்கள். இரும்பு அலமாரிக்குள்ளோ மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகிலோ வைத்த பிரிண்டர் அவ்வப்போது தொடர்பை இழப்பது இயல்பு. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குகிறது.

ரூட்டரே இல்லாத இடத்தில் அவசரமாக அச்சிட வேண்டுமானால் வைஃபை டைரக்ட் இருக்கிறது. பிரிண்டர் தானே ஒலிபரப்பும், 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயருடைய வைஃபையில் கைபேசியை இணைத்து அச்சிடலாம். நிரந்தர ஏற்பாடாக இது வசதிப்படாது. ஒவ்வொரு முறையும் கைபேசியின் வைஃபையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டு வைஃபையில் பிரிண்டர் நன்றாக இயங்குகிறதென்றால், இந்த வசதியை நிர்வாகப் பக்கத்தில் அணைத்துவைப்பது பாதுகாப்பானது.

ரூட்டரை மாற்றும்போதும், பிரிண்டரைக் கைமாற்றும்போதும்

புதிய ரூட்டர் வாங்கினால், பழைய ரூட்டரின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு முறையையும் எழுத்து மாறாமல் புதியதிலும் வைத்துவிடுங்கள். பிரிண்டர் மாற்றத்தை உணராமலே இணைந்துகொள்ளும்; முகவரி ரிசர்வேஷனை மட்டும் புதிய ரூட்டரில் மீண்டும் எழுத வேண்டும். பெயரை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பிரிண்டரில் 'ரீஸ்டோர் நெட்வொர்க் செட்டிங்ஸ்' கொடுத்துப் பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது, பாதியில் திருத்திக்கொண்டிருப்பதைவிட விரைவாக முடியும்.

பிரிண்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு ஒரு கடவுச்சொல் வைப்பதையும், அங்கேயே ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து அச்சிடுவதற்காக ரூட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பிரிண்டரை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ பழுதுபார்க்க அனுப்பவோ நேர்ந்தால், அதற்கு முன் வலையமைப்பு அமைப்புகளை அழித்துவிடுங்கள். வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அதற்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. முகவரிப் புத்தகத்தில் மின்னஞ்சல் முகவரிகளோ தொலைநகல் எண்களோ சேமித்திருந்தால், வலையமைப்பை மட்டும் அழித்தால் போதாது, முழு அமைப்பையும் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்ப வேண்டும். அழித்த பிறகு விவரப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை அச்சிட்டு, எஸ்.எஸ்.ஐ.டி. வரியில் உங்கள் வைஃபையின் பெயர் இல்லை என்பதை உறுதிசெய்த பின் மின்கேபிளைக் கழற்றுங்கள்.